தாழ்மை யாரிடம் கேட்கப்படுகிறது?

திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையம் பங்கைச் சேர்ந்த தலித் கத்தோலிக்கர்கள், தம் ஆலயத்திலேயே தமக்குச் சாதிப் பாகுபாடு காட்டப்படுவதாகத் தொடுத்த வழக்கில், 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் எதிர்த்தரப்பினருக்கு நோட்டீஸ் அனுப்ப உத்தரவிட்டது. இத்தகைய வழக்குகள் எழும்போதெல்லாம் திருச்சபைக்குள்ளிருந்து ஒரு குரல் தவறாமல் கேட்கும். சகோதரர் மீது சகோதரர் வழக்குத் தொடுக்கலாமா, பவுலடியார் கண்டித்திருக்கிறாரே, அன்போடும் தாழ்மையோடும் பொறுத்துப் போகக் கூடாதா என்பதே அக்குரல். கேட்பதற்கு இது ஞான உரைபோல இருக்கும். ஆனால் அது யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 6ஆம் அதிகாரத்தில் பவுல் அவ்வாறு கண்டிப்பது உண்மை. எனினும் அதே இடத்தில் அவர் சபையிடம் ஒரு கேள்வியும் கேட்கிறார். உங்களுக்குள் நியாயம் தீர்க்கத்தக்க விவேகி ஒருவர்கூட இல்லையா என்பதே அக்கேள்வி. ஆக, வழக்குத் தொடுத்தவர் மீது மட்டுமல்ல, வழக்கு மன்றத்தைத் தேடிச் செல்லும் நிலையை உண்டாக்கிய சபையின் மீதும் அந்தப் பழி விழுகிறது. அதே மடலின் 11ஆம் அதிகாரத்தை இத்தகைய உரைகள் தொடுவதேயில்லை. கொரிந்து நகரில் ஆண்டவரின் விருந்துக்குக் கூடியபோது, வசதி படைத்தோர் முந்திக்கொண்டு உண்டனர். இல்லாதோர் பசியோடு நின்றனர். இது ஆண்டவரின் விருந்தே அல்ல என்கிறார் பவுல். இருக்கைகளிலும் நன்மை வாங்கும் வரிசையிலும் சாதி பார்த்த நம் ஆலயங்களுக்கு இதைவிடக் கடுமையான தீர்ப்பு வேறு என்ன இருக்க முடியும்?

தமிழில் 'தாழ்தல்' வேறு, 'தாழ்த்தப்படுதல்' வேறு. முன்னது ஒருவர் தாமே விரும்பிச் செய்வது. பின்னது பிறர் அவர்மீது செய்வது. பெரிய வியாழனன்று நம் பங்குகளில் நினைவுகூரப்படும் பாதம் கழுவும் நிகழ்வு முன்னதைச் சேர்ந்தது. வீட்டு அடிமை செய்யும் வேலையை ஆசானே செய்ததுதான் அங்கே நிகழ்ந்த புரட்சி. மேலே இருந்தவர் இறங்கினார் என்பதால்தான் பேதுரு பதறினார். தலைமுறை தலைமுறையாகக் கீழே தள்ளப்பட்டவரிடம் போய் 'இன்னும் தாழ்ந்திரு' என்பது அந்தத் துண்டைப் பறித்து அவர் கையிலேயே மீண்டும் திணிப்பதாகும்.

வரலாற்றில் இறங்க மறுத்தவர்கள் யார்? 1833இல் ஆங்கிலிகன் ஆயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டை உடனே கைவிட வேண்டும் என்று மடல் அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் ஆதிக்க சாதியினர் பலர் ஆலயத்தையே துறந்தனர். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், வெள்ளாளரும் நாடாரும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாமல் ஒரே பீடத்தை வழிபடும்படி கால்சட்டை வடிவில் கோயிலே கட்டப்பட்டது. அங்கிருந்த தடுப்புச் சுவரை 1910இல் பங்குத்தந்தை கவுசானல் இடித்தார். சுவர் வேண்டும் என்று வெள்ளாளர் தரப்பு தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றது. சகோதரர் மீது சகோதரர் வழக்குத் தொடுக்கும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தது தலித்துகள் அல்லர் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

எறையூர் இன்னும் அண்மையது. அங்குள்ள தலித் கிறித்தவர்கள் கேட்டது பெரிய சலுகை எதுவுமில்லை. பொதுவழியே சவ ஊர்வலம் செல்ல வேண்டும், ஆலயத்தில் சமமாக நடத்தப்பட வேண்டும், அது இயலாதெனில் தாங்கள் எழுப்பிய சகாய மாதா ஆலயத்தைத் தனிப் பங்காக அறிவிக்க வேண்டும் என்பவையே அவர்களின் கோரிக்கைகள். 2008 மார்ச்சில் அவர்களது வீடுகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்களும் அதே மாதாவை வணங்கியவர்கள்தாம். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறித்தவர் இருவர் உயிரிழந்தனர். இத்தனைக்குப் பிறகும் அங்குள்ள தலித்துகள் கேட்டது தனி மதமல்ல. அதே ஆயரின் கீழ் ஒரு பங்கு. உடன் விசுவாசிகள் மீதான அன்பு எந்தப் பக்கம் இருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையா?

2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், சாதிப் பிரிவினையை நிலைநிறுத்தும் வழக்கங்கள் சீர்திருத்தப்பட வேண்டும் என்று அறிவுறுத்தினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. நாட்டின் சுமார் 1.9 கோடி கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்பதும் அப்பேரவை கூறிய கணக்கே.

1950 ஆகஸ்ட் 10 அன்று பிறப்பிக்கப்பட்ட குடியரசுத் தலைவர் ஆணை, தலித் கிறித்தவர்களைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கியது. அந்த நாளைத் திருச்சபை ஆண்டுதோறும் கறுப்பு நாளாக அனுசரிக்கிறது. மதம் மாறினாலும் சாதி மாறவில்லை என்று அரசிடம் அது வாதிடுகிறது. அந்த வாதம் சரியானது, நாமும் அதை ஆதரிக்கிறோம். ஆனால் தலித் விசுவாசி தன் பங்கில் தேர்ப்பவனி உரிமை கேட்டால், 'கிறித்துவுக்குள் சாதி ஏது' என்று அதே திருச்சபையில் பதில் வருகிறது. டெல்லியில் இருக்கும் சாதி, ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் எப்படி இல்லாமற் போகும்?

திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தோரையும் சாதியால் பிரித்த சுவரின் ஒரு பகுதியை 2010இல் இடித்தவர்கள் பெரியாரியத் தோழர்கள், கடவுள் மறுப்பாளர்கள். தனிக் கல்லறை, தனிச் சவ வண்டி, தலித் குடும்பங்களிடம் திருவிழா வரி வாங்க மறுத்தல் ஆகியவை எந்தெந்தப் பங்குகளில் நீடிக்கின்றன என்பது அந்தந்த ஆயருக்குத் தெரியாததல்ல. அந்தப் பட்டியலை ஒவ்வொரு மறைமாவட்டமும் வெளியிடட்டும். அந்தப் பங்குகளில் தேர் ஓடுவதையும் கொடியேற்றுவதையும் சமத்துவம் வரும்வரை நிறுத்தி வைக்கட்டும்.