பராமரிப்போரைப் பராமரிப்பது யார்?

பக்கவாதத்தில் விழுந்த ஒருவரைச் சில நாள் வைத்திருந்து ஆஸ்பத்திரி வீட்டுக்கு அனுப்புகிறது. சிகிச்சை முடிந்ததென்று அங்கே கணக்கு எழுதியாகிவிடும். வீட்டிலோ அன்றுதான் வேலை ஆரம்பம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் படுக்கைப் புண் கண்டுவிடும். உணவூட்டல், குளிப்பாட்டல், மலஜலம் எடுத்தல், வேளை தவறாது மருந்து கொடுத்தல், இரவில் கண் விழித்தல் ஆகிய அனைத்தும் பெரும்பாலும் ஒரே ஒருவர் தலையில் விழுகின்றன. அவர் மனைவியாயிருக்கலாம், மகளாகவோ மருமகளாகவோ இருக்கலாம், நாதியற்ற கிழவருக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்கும் அடுத்த வீட்டுச் சிநேகிதராகவும் இருக்கலாம். அவருக்குச் சம்பளமில்லை; விடுமுறையில்லை; ஊர்ப் பதிவேட்டில் அவ்வேலைக்கென்று ஒரு பெயருமில்லை.

இது ஏதோ சிலருடைய துரதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடக்கூடிய விஷயமன்று. 2024-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, 15 முதல் 59 வயது வரையுள்ள ஸ்திரீகளில் 100-க்கு 41 பேர் வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபட்டிருந்தனர்; புருஷர்களிலோ 100-க்கு 21 பேர்தான். அந்த ஸ்திரீகள் அதில் தினம் 140 நிமிஷமும், அந்தப் புருஷர்கள் 74 நிமிஷமும் செலவிட்டார்கள். குழந்தை வளர்ப்பும் இக்கணக்கில் அடக்கமே. ஆனால் இனி வரும் வருஷங்களில் தொட்டிலைவிடக் கட்டிலுக்கே பணிவிடை அதிகம் தேவைப்படப் போகிறது. தமிழ் நாட்டு ஜனத்தொகையில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 2011-ல் 100-க்கு 10 பேராயிருந்தார்கள். 2031-ல் 18 பேராவார்கள் என்பது நிபுணர் மதிப்பு. குடும்பத்தில் பிள்ளைகளோ குறைவு. இருப்பவர்களும் பிழைப்பைத் தேடிச் சென்னைக்கும் திருப்பூருக்கும் கடல் கடந்தும் போய்விடுகிறார்கள். எஞ்சி நிற்கும் ஒருவர் மீதே முழுப் பாரமும் சாய்கிறது.

முதியோரை நிராதரவாய் விட்டுவிடுவோரைத் தண்டிக்க 2007-ம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கைவிட்டவரைத் தண்டிப்பது நியாயமே. கைவிடாமல் காப்பவருக்கு நாம் செய்வது என்ன? 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவு, அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி அளிப்பதையும் சர்க்கார் வகுக்க வேண்டிய திட்டங்களில் சேர்த்திருக்கிறது. ஆனால், சர்க்காரின் பொருளாதார சக்திக்கு உட்பட்டு என்ற நிபந்தனையும் அதே பிரிவில் இருக்கிறது. அந்த நிபந்தனைக்குள் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளலாம் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

நமது அண்டை ராஜ்யமான கேரளத்தைப் பார்ப்போம். 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து சில டாக்டர்கள் வலி தணிப்புச் சிகிச்சைக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். பின்னர் மலப்புறம் முதலிய ஜில்லாக்களில் அது ஊராரின் இயக்கமாகவே பரவிற்று. கடைக்காரரும் ஆசிரியரும் மாணவரும் பயிற்சி பெற்று, தங்கள் தெருவிலுள்ள நோயாளிகளின் வீடுகளுக்குப் போகலானார்கள். 2008-ல் கேரள சர்க்கார் இதைத் தன் கொள்கையாகவே ஏற்று, பஞ்சாயத்துகளையும் அதில் ஈடுபடுத்திற்று. படுக்கையிலிருப்பவரை முழு நேரமும் பராமரிப்போருக்கு மாதம் 600 ரூபாய் அளிக்கும் ‘ஆச்வாசகிரணம்’ திட்டமும் அங்கே வகுக்கப்பட்டது. தொகை சொற்பம்தான், ஆயினும் கட்டிலருகில் ஒருவர் நிற்கிறார் என்பதைச் சர்க்கார் ஒப்புக்கொண்டது சொற்பமன்று.

தமிழ் நாடும் சும்மா இருந்துவிடவில்லை. 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையையும், உடற்பயிற்சிச் சிகிச்சையையும், வலி தணிப்புச் சிகிச்சையையும் வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. நோயாளியைத் தேடிப் போனது பாராட்டத்தக்கது. அருகில் நிற்பவரைப் பார்த்து, ‘நீங்கள் தூங்கி எத்தனை நாளாயிற்று?’ என்று கேட்பதே அடுத்த படியாக வேண்டும்.

அந்தக் கேள்வியைக் கேட்க ஏற்றது ஊர்தான் என்பது நமது அபிப்பிராயம். கோட்டையிலிருந்து பணம் வரலாம், மருந்தும் வரலாம். செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணி நேரம் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஆள் வராது. அந்த ஆள் அதே தெருவிலிருந்துதான் வர வேண்டும். 1992-ம் வருஷத்து 73-வது திருத்தத்தினால் அரசியல் சட்டத்தில் சேர்ந்த 11-வது அட்டவணை, சுகாதாரத்தையும், மாற்றுத்திறனாளர் நலம் உள்ளிட்ட சமூக நலத்தையும் பஞ்சாயத்துகளுக்குரிய 29 விஷயங்களில் சேர்த்தே எழுதியிருக்கிறது. ஆகவே அதிகாரமில்லை என்ற சாக்குச் செல்லாது.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்களல்ல. ஒவ்வொரு பஞ்சாயத்தும், நகரங்களில் ஒவ்வொரு வார்டும், தம் எல்லையில் நோயாளிகளைப் பராமரிப்போர் யார் யார் என்று அவர்கள் சம்மதத்தோடு ஒரு ஜாபிதா தயாரிக்கட்டும். வாரத்தில் இரண்டு தரம் சில மணி நேரம் அவர்களை விடுவிக்கத் தொண்டர்கள் முறை போட்டுக்கொள்ளட்டும். புரட்டிப் படுக்கவைப்பதையும், குழாய் மூலம் உணவு செலுத்துவதையும் வீட்டுக்கு வரும் நர்ஸ் அவர்களுக்கு முறையாகக் கற்றுக் கொடுக்கட்டும். காற்று மெத்தை, சக்கர நாற்காலி முதலியவற்றைப் பஞ்சாயத்து பொதுவில் வாங்கி வைத்து, ஒரு வீட்டில் தேவை தீர்ந்ததும் மறு வீட்டுக்குக் கொடுக்கட்டும். கூலி வேலையை விட்டு வீட்டிலிருப்பவருக்குப் பராமரிப்புப் படியைச் சர்க்கார் நிர்ணயித்து, மாதந் தவறாமல் கொடுக்கட்டும்.

பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் தர்மமாயிற்றே, இதில் ஊராருக்கும் சர்க்காருக்கும் என்ன வேலை என்று சிலர் கேட்பார்கள். தர்மமென்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். தர்மம் செய்பவன் களைத்து விழும்வரை வேடிக்கை பார்ப்பது எந்தத் தர்மம் என்றுதான் கேட்கிறோம். மேலும், இந்தத் தர்மத்தைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் புருஷர்களாகவும், அதைச் செய்கிறவர்கள் ஸ்திரீகளாகவும் இருப்பது நமக்குப் பெருமை தரும் விஷயமன்று.

பொதுக் காரியங்களில் ஈடுபட்டுள்ள நமது நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் நமக்கு அவகாசம் கிடைப்பது எப்படி? வீட்டில் நம் தாயாருக்கு வேறொருவர் மருந்து கொடுத்துக்கொண்டிருப்பதால்தான் பலருக்கு அது கிடைக்கிறது. காந்தியடிகள் சுதந்திரப் போரின் நடுவில், சேவாகிராமத்தில் தொழுநோயால் வருந்திய பர்ச்சுரே சாஸ்திரிக்குத் தம் கையாலேயே பணிவிடை செய்தார். நோயாளர் சேவை தேசசேவைக்குக் குறைந்ததென்று அவர் கருதவில்லை. அவர் பெயரைச் சொல்லுகிறவர்கள் கருதவும் நியாயமில்லை.

அக்டோபர் 2-ந் தேதி தோறும் கிராம சபைகள் கூடுகின்றன. வரவு செலவைப் படித்துக் கையெழுத்து வாங்குவதோடு அவை கலைந்துவிடக் கூடாது. நம் ஊரில் படுக்கையிலிருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களுக்குத் துணை நிற்பவர் யார், அவரை விடுவிக்க வாரத்தில் மூன்று மணி நேரம் தரத் தயாராயிருப்பவர் யார் என்ற மூன்று கேள்விகளைத் தொண்டர்கள் அங்கே எழுப்ப வேண்டும். மூன்றாவது கேள்விக்கு முதலில் கை தூக்க வேண்டியவர்கள் கேட்டவர்களே.