கயிறும் முடிச்சும்

குளிர்காலம் வந்தால் பாங்குரா மாவட்டத்துச் சுசுனியாக் குன்றில் பாறையேறும் பயிற்சி முகாம்கள் கூடும். இவ்வாண்டு நம் சங்கத்துச் சிறுவர் சிலரும் செல்கின்றனர். பெற்றோர் நம்மிடம் கம்பளியைப் பற்றியும் தின்பண்டத்தைப் பற்றியுமே வினவினர். முடிச்சைப் பற்றி ஒருவரும் வினவிற்றிலர். பார்சல் கட்டும் முடிச்சன்றி வேறறியாத நாமும் அதனைக் கேட்டே அறிந்தோம்.

பாறையேறுவோர்க்கு முதன்மையானது எட்டு முடிச்சு. கயிற்று நுனியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 8 என்னும் இலக்கம்போல் முடிச்சிட்டு, நுனியை இடுப்புவாரில் நுழைத்து, முடிச்சு சென்ற வழியே திரும்பச் செலுத்தவேண்டும். எவ்விடத்தும் கயிறு இரண்டிரண்டாய் அணைந்து கிடத்தல் வேண்டும். நுனியில் ஒரு சாண் மிஞ்சவேண்டும். போலைன் என்னும் முடிச்சை அவிழ்ப்பது எளிது. ஆயின் பளு நீங்கினால் தளரக்கூடும். புதியவர்க்கு அது வேண்டா.

மரமேறுவோர்க்கும் உதவுவது புரூசிக் முடிச்சு. தடித்த கயிற்றின்மேல் மெல்லிய கயிற்று வளையத்தை மும்முறை சுற்றி இடுவது. பளு ஏறின் இறுகும், நீங்கின் நகரும்.

புகழ்பெற்ற அமெரிக்க வீராங்கனை லின் ஹில், 1989-இல் பிரான்சில் கயிற்றை வாரில் நுழைத்தபின், காலணி அணியும் பராக்கில் முடிச்சை முடிக்க மறந்தார். உச்சியில் பின்சாய்ந்ததும் 20 மீட்டருக்கு மேல் வீழ்ந்தார். மரக்கிளைகள் தாங்கியதால் உயிர் பிழைத்தார். ஏறுமுன் ஒருவர் முடிச்சை மற்றொருவர் தொட்டுப் பார்க்கும் வழக்கம் இத்தகைய மறதிக்காகவே.

சிறுவர்கள் சனி மாலைகளில் சங்கக் கூடத்தில் முடிச்சுப் பழகுகின்றனர். தாய்மாரும் வந்து தொட்டுப் பார்க்கலாம்.