முள்முடி தரித்த அரசர்

கத்தோலிக்கரின் வழிபாட்டு ஆண்டு கிறிஸ்து அரசர் திருநாள் தொடங்கும் வாரத்தோடு முடிவெய்துகிறது. கிறிஸ்து பிறப்பு, உயிர்ப்பு முதலிய பெருநாட்களைப் போல் இது தொன்றுதொட்டு வந்ததன்று. நிசேயா சங்கம் கூடி 1,600 ஆண்டுகள் நிறைந்த 1925-ம் வருஷத்தில், டிசம்பர் 11-ந் தேதி, பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் விடுத்த சுற்றுமடலால் ஏற்படுத்தப்பட்டது.

காலத்தை நோக்குமின். ரஷ்ய சக்கரவர்த்தியின் முடி 1917-லும், ஜெர்மானிய, ஆஸ்திரிய முடிகள் 1918-லும் வீழ்ந்தன. துருக்கி சுல்தானின் பதவி 1922-ல் ஒழிந்தது. அவ்வாண்டே முஸோலினி இத்தாலியின் ஆட்சியைக் கைப்பற்றினான். பாப்பரசர்களோ 1870-ல் தமது இராஜ்யத்தை இழந்து வத்திக்கானுக்குள் அடங்கியிருந்தனர். முடிகள் உருண்டோடிய அக்காலத்தே, முள்முடி தரித்த ஒருவரை அரசரென்று உலகுக்கு அறிவித்ததன் கருத்து யாது?

இது சமயத்தின் பெயரால் உலக அதிகாரம் தேடும் உபாயமே என்று கூறுவோர் உளர். அவர் கூற்றை முற்றும் தள்ளிவிட இயலாது. அரசுகளும் கிறிஸ்துவைப் பகிரங்கமாக வணங்கக் கடமைப்பட்டவை என்றே அம்மடல் வற்புறுத்திற்று. அதனை விடுத்த பாப்பரசரே 1929-ல் முஸோலினியோடும், 1933-ல் ஹிட்லரின் அரசாங்கத்தோடும் உடன்படிக்கை செய்துகொண்டார். ஸ்பெயின் தேசத்து உள்நாட்டுப் போரில் இவ்வரசரின் திருநாமம் போர்முழக்கமாகவும் ஆயிற்று.

ஆயினும், ஒரு தத்துவத்தை அதன் துஷ்பிரயோகத்தைக் கொண்டு மட்டும் அளத்தல் நீதியன்று. சுவிசேஷம் காட்டும் அரசர் யார்? பிலாத்துவின் முன்னே கட்டுண்டு நின்றவர். தமது அரசு இவ்வுலகைச் சார்ந்ததன்று என்றவர். சீடரின் பாதங்களைக் கழுவியவர். யூதரின் அரசரென்று சிலுவையின்மேல் ஏளனமாக எழுதப்பட்ட பலகையே அவருக்குக் கிடைத்த இராஜ பட்டயம். பசித்தவனுக்கு உணவும் சிறைப்பட்டவனுக்கு ஆறுதலும் அளித்தாயா என்பதே, அவர் இறுதி நாளிற் கேட்கும் கேள்வியென மத்தேயு உரைக்கிறார். இவ்வரசரை வணங்குகிறவன் கொடுங்கோலனுக்கு எங்ஙனம் தலைவணங்குவான்?

மெக்ஸிகோவில் 1926-ல் கால்லெஸ் அரசாங்கம் மதகுருமாரைக் கடுஞ்சட்டங்களால் ஒடுக்கிற்று. மிகுவேல் ப்ரோ என்னும் இயேசு சபைக் குரு மறைந்து திரிந்து மக்களுக்குப் பணிபுரிந்தார். 1927 நவம்பர் 23-ந் தேதி, விசாரணையேதுமின்றி அவரைச் சுட்டுக் கொன்றனர். அவர் இரு கைகளையும் சிலுவைபோல் விரித்து, கிறிஸ்து அரசர் வாழ்க என்று கூறி உயிர் நீத்தார். அவர் கையில் ஆயுதம் இருந்ததில்லை. 1937-ல், உடன்படிக்கையை மீறிய நாஜி ஆட்சியைக் கண்டித்து, குலத்தையும் அரசையும் தெய்வமாக்குதல் விக்கிரக ஆராதனையே என்று அதே பாப்பரசர் எழுதிய மடல், ஜெர்மானியக் கோயில்களிற் படிக்கப்பட்டது.

திருச்சபையும் தன் பாடத்தைக் கற்றுக்கொண்டது. சமய விஷயத்தில் எவரையும் பலவந்தப்படுத்தலாகாதென 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிரகடனம் செய்தது. அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று கொண்டாடப்பட்ட இத்திருநாளை, 1969-ல் ஆறாம் சின்னப்பர் ஆண்டிறுதிக்கு மாற்றினார். தேசங்களின் தற்கால அரசியலைவிட, சரித்திரத்தின் முடிவையே அது இப்பொழுது சுட்டுகிறது.

தேசத்தொண்டில் ஈடுபட்ட நேயர்கட்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. நாட்டுப்பற்று உயர்ந்த குணம். ஆனால் நாடே கடவுளன்று. அரசின் ஆணைக்கு மேலாக மனச்சாட்சியின் ஆணை ஒன்று உண்டென்பதை ஏற்காதவன், அந்நிய ஆட்சியை மட்டுமல்ல, சுயாட்சியின் கொடுமையையும் எதிர்க்க இயலாதவனாவான். எம்மதத்தினராயினும், இதனை உணர்ந்தோர்க்கே சுதந்திரம் நிலைபெறும்.