அம்மாவும் ஒரு உயில் எழுதட்டும்

உயில் எழுத என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டிய ஆண்கள். கூடவே மனைவியும் வந்திருப்பார். அவர் பெயரிலும் ஒரு மனை இருக்கும். வங்கியில் டெபாசிட், லாக்கரில் நகை இருக்கும். “நீங்களும் ஒன்று எழுதிவிடுங்களேன் அம்மா” என்றால், “எனக்கு எதுக்கு சார், எல்லாம் பிள்ளைங்களுக்குத்தானே” என்று சிரிப்பார்.

பிள்ளைகள் இருக்கும்வரை அந்தப் பதிலில் பெரிய பிழையில்லை. இல்லாதவர்களின் கதை வேறு. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த பெண்ணின் சொத்து முதலில் மகன், மகள், கணவனுக்குப் போகும். அவர்கள் யாரும் இல்லையென்றால் கணவனின் வாரிசுகளுக்கு. பெற்ற தாயும் தகப்பனும் அவர்களுக்கும் பின்னால்தான் நிற்க வேண்டும். பெற்றோர் வழியில் வாரிசாக வந்த சொத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அவள் சம்பாதித்ததற்குக் கிடையாது. ஆண் இறந்தால் அவன் தாய்க்கு மனைவி, மக்களோடு சமபங்கு. மனைவியின் உறவினர் அந்தப் பட்டியலில் எங்குமே இல்லை.

ஏட்டில் மட்டும் உள்ள அநீதி அல்ல இது. 1955இல் திருமணமான ஒரு பெண், மூன்றே மாதத்தில் பாம்புக்கடிக்குக் கணவனைப் பறிகொடுத்தார். புகுந்த வீடு விரட்டிவிட்டது. பெற்றோர் படிக்க வைத்தார்கள், வேலைக்குப் போனார். வங்கியிலும் வருங்கால வைப்பு நிதியிலும் கணிசமான பணம் சேர்ந்தது. 1996இல் உயில் எழுதாமல் இறந்துபோனார். அந்தப் பணத்துக்கு அவருடைய தாயும் உரிமை கோரினார், கணவனுடைய சகோதரியின் மகன்களும் கோரினார்கள். 2009இல் உச்ச நீதிமன்றம் கணவன் வழியினருக்கே கொடுத்தது. அனுதாபத்தை வைத்துச் சட்டத்தை வளைக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். நாற்பது ஆண்டுகள் எட்டிப் பார்க்காதவர்களுக்கு அவர் உழைப்பு போய்ச் சேர்ந்தது. ஒரு வெள்ளைத்தாள் இதைத் தடுத்திருக்கும்.

உண்மையிலேயே வெள்ளைத்தாள்தான். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. செய்தால் பின்னால் சந்தேகம் கிளப்புவது கடினம். எழுதியவர் கையெழுத்திடுவதை இரண்டு சாட்சிகள் பார்த்து, அவர்களும் கையெழுத்திட வேண்டும். சொத்தில் பங்கு பெறுகிறவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். உங்களைவிட வயதில் இளையவராகப் பாருங்கள். நாளை நீதிமன்றம் ஏறிச் சொல்ல ஒருவராவது உயிரோடு இருக்க வேண்டுமே! மனம் மாறினால் மாற்றி எழுதலாம். பத்து உயில் எழுதினாலும் கடைசியாக எழுதியதே செல்லும்.

“நாமினி போட்டாச்சே” என்பார்கள். வங்கிப் பணத்தை வாங்கிக் கையில் வைத்திருக்கும் உரிமைதான் நாமினிக்கு, சொத்து வாரிசுகளுடையது. நிறுவனப் பங்குகளுக்கும் இதே நிலைதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இன்னும் சிலர் உயிலுக்குப் பதிலாக மகன் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அது அன்றைக்கே கைமாறிப் போகும். ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமையைப் பத்திரத்தில் எழுதி வைக்காமல், சொந்த வீட்டின் பின்கட்டில் ஒண்டிக்கொண்டிருக்கும் தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். உயிலோ நீங்கள் இருக்கும்வரை வெறும் காகிதம். யாருக்கும் எதுவும் போகாது.

சாவைப் பற்றிப் பேசினால் அபசகுனம் என்று தள்ளிப்போடும் வீடுகளும் உண்டு. ஆயுள் காப்பீட்டு பாலிசி எடுக்கும்போது அந்தச் சகுனத்தை யாரும் பார்ப்பதில்லை.

உங்கள் வீட்டில் அப்பா உயில் எழுத உட்காரும் நாளில் அம்மாவுக்கும் ஒரு தாளை எடுத்து வையுங்கள். அதே இரண்டு சாட்சிகள் போதும்.

- கட்டுரையாளர், வழக்கறிஞர்