தஞ்சாவூருக்கு ஜோடியா ஒரு ட்ரிப்: ஆற்றில் தண்ணீர் எப்போ வரும், ரூம் கிடைக்குமா?

பெரிய கோயில் விமானம் ஒரு பக்கம், கரை நிரம்பி ஓடும் கால்வாய் இன்னொரு பக்கம். இன்ஸ்டாவில் இப்படி ஒரு ரீலைப் பார்த்துவிட்டு ஏப்ரல் மாதம் டிக்கெட் போட்டு வருகிற ஜோடிகள் உண்டு. வந்து பார்த்தால் கால்வாயில் சிமென்ட் தரைதான் தெரியும்.

தப்பு தஞ்சாவூர் மீது இல்லை, தேதி மீதுதான். வெனிஸில் கால்வாய்தான் தெரு. கடல் நீர் எந்நாளும் இருக்கும். அங்கே கூட்டம்தான் பிரச்சினை. 2024 ஏப்ரல் 25 முதல் குறிப்பிட்ட நாட்களில் பகல்நேரப் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணமே வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆலப்புழையிலும் வருடம் முழுக்கப் படகு வீடு ஓடும். தஞ்சாவூரில் கால்வாய் வெட்டியது நெல்லுக்காக. திறந்தால் தண்ணீர், மூடினால் மணல்.

அதனால் இங்கே ஜோடியாக வர நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள். ஆற்றில் தண்ணீர் இருக்கா? தங்க ரூம் கொடுப்பாங்களா?

தஞ்சாவூர் கால்வாய் நகரமா?

ஆமாம். நகருக்குள் ஓடுவது கல்லணைக் கால்வாய். ஊர்க்காரர்கள் 'புது ஆறு' என்பார்கள். மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து வெட்டப்பட்டு 1934-ல் முடிந்தது. சுமார் 148 கி.மீ. ஓடி தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் கொடுக்கிறது. பெரிய கோயிலுக்குப் பக்கத்திலேயே போகிறது. காந்திஜி சாலையில் இர்வின் பாலத்தில் நின்றாலும் பார்க்கலாம்.

இன்னும் நல்ல காட்சி வேண்டுமா? திருவையாறு ரோட்டைப் பிடியுங்கள். சுமார் 13 கி.மீ. தூரத்தில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைத் தாண்டுவீர்கள். டூவீலரில் அரை மணி நேரம். ஒவ்வொரு பாலத்திலும் நின்று போனால் ஒரு சாயங்காலமே போய்விடும்.

சரி, தண்ணீர் எப்போ வரும்?

கணக்கு மேட்டூரில் தொடங்குகிறது. அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி, உயரம் 120 அடி. டெல்டா பாசனத்துக்கு ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது மரபு. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நாள் பிடிக்கும். அங்கிருந்துதான் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரித்து விடுவார்கள். 2025-ல் ஜூன் 12 மேட்டூர், ஜூன் 15 கல்லணை.

ஆனால் மரபு எல்லா வருடமும் நடப்பதில்லை.

• 2022: மே 24-லேயே திறந்தார்கள்.
• 2023: ஜூன் 12-ல் திறந்தாலும், அணையில் தண்ணீர் குறைந்ததால் அக்டோபர் 10-ல் மூடிவிட்டார்கள். அந்தப் பொங்கலுக்கு ஆறு பார்க்க வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். சம்பா போட்ட விவசாயிகளுக்கு அது ஏமாற்றத்தோடு நிற்கவில்லை.
• 2024: ஜூன் 12-ல் திறக்கவில்லை. கர்நாடகத்தில் மழை கொட்டிய பிறகு ஜூலை 28-ல் திறப்பு.

அதாவது, உங்கள் ட்ரிப் தேதியிலும் காவிரி வழக்கு இருக்கிறது. கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. மழை குறைந்த ஆண்டில் அந்தக் கணக்கு ஒவ்வொரு மாதமும் சண்டையாகிறது.

அப்போ எந்த மாசம் போகலாம்?

ஜூலை - ஆகஸ்ட்: புதுத் தண்ணீர். குறுவை வயல்கள் பச்சை பிடிக்கும். ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஆடிப்பெருக்கு. உண்மையில் டெல்டாவின் 'கப்பிள்ஸ் டே' இதுதான். ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். ஆடி 18-ல் ஜோடியாக ஆற்றங்கரைக்கு வந்து, பத்திரமாக வைத்திருந்த கல்யாண மாலையைத் தண்ணீரில் விட்டு, மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வார்கள். காதோலை கருகமணி, கலவை சாதம் எல்லாம் உண்டு. திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் அன்றைக்குக் கால் வைக்க இடம் இருக்காது. தண்ணீர் வராத வருடங்களில் குழாயடியில் பூஜையை முடித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

அக்டோபர் - டிசம்பர்: கண்ணுக்கெட்டிய தூரம் சம்பாப் பச்சை. கூடவே வடகிழக்குப் பருவமழை. புயல் சின்னம் உருவானால் ட்ரிப்பைத் தள்ளிப்போடுங்கள்.

ஜனவரி: வெயில் குறைவு, பொங்கல், திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை, வயலில் கதிர் முற்றும் நேரம். தண்ணீரும் இருந்தால் இதுதான் பெஸ்ட். ஆராதனை நாட்களில் ரூமை முன்கூட்டியே பிடிக்க வேண்டும்.

பிப்ரவரி - மே: ஆறு வறண்டிருக்கும். தூர்வாரும் வேலை நடக்கும். கோயிலுக்காக வரலாம். மகா சிவராத்திரியை ஒட்டி பெரிய கோயிலில் நாட்டியாஞ்சலி உண்டு. கால்வாய்க்காக வராதீர்கள்.

சீசனிலும் சில நாட்கள் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். எனவே கிளம்பும் முன் 'மேட்டூர் அணை நீர்மட்டம்' என்று பேப்பரில் தினமும் வரும் அந்தச் சின்னச் செய்தியைப் படியுங்கள். நீர்மட்டத்தோடு, எத்தனை கனஅடி திறக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

ரெண்டு நாள் போதுமா?

போதும். சென்னையிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் அதிகாலையில் தஞ்சாவூர். முதல் நாள் காலை, வெயில் ஏறும் முன் பெரிய கோயில். 1010-ல் ராஜராஜன் கட்டி முடித்தது. 1987 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. மதியம் நடை சாத்திவிடுவார்கள். அந்த நேரத்துக்கு அரண்மனையும் சரஸ்வதி மகால் நூலகமும். சாயங்காலம் ஐந்து ஆறுகளைத் தாண்டி திருவையாறு. அங்கே பாசிப்பருப்பு அசோகா அல்வா சாப்பிடாமல் திரும்பக் கூடாது. இரண்டாம் நாள் சுமார் 45 கி.மீ. தள்ளி கல்லணை, அல்லது கும்பகோணம் பக்கம் தாராசுரம். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் பஸ்ஸில்தான் ரொமான்ஸ்.

ஒரு எச்சரிக்கை: கால்வாயில் உல்லாசப் படகு கிடையாது. இறங்கிக் குளிக்கவும் வேண்டாம். கான்கிரீட் போட்ட சரிவான கரையில் பாசி பிடித்தால் கால் ஊன்ற முடியாது, இழுப்பும் அதிகம். கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே தெரியாது. செல்ஃபி கரையில் நின்றே போதும்.

கல்யாணம் ஆகலைன்னா ரூம் கொடுப்பாங்களா?

அதிகம் பேர் கூகுளில் தேடி, யாரிடமும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி இது.

சட்டம் தெளிவு. கோவையில் திருமணமாகாத ஜோடி தங்கியிருந்ததையும் காரணமாகக் காட்டி ஒரு தங்கும் விடுதிக்கு 2019-ல் சீல் வைத்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. திருமணமாகாத இரண்டு வயதுவந்தவர்கள் ஹோட்டல் அறையில் தங்குவதைத் தடை செய்யும் சட்டம் எதுவும் இல்லை என்று சொல்லி, சீலை அகற்ற டிசம்பரில் உத்தரவிட்டார் நீதிபதி எம்.எஸ்.ரமேஷ்.

ஆனால் சட்டத்தில் தடை இல்லை என்பது வேறு, விடுதி ரூம் கொடுத்தே ஆக வேண்டும் என்பது வேறு. 2025 ஜனவரியில் ஓயோ நிறுவனம் உத்தரப் பிரதேசத்தின் மீரட்டில், ஜோடிகள் தங்கள் உறவுக்கான ஆதாரத்தைக் காட்ட வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. நிர்வாகத்தின் இஷ்டம் என்ற இடம் இன்னும் இருக்கிறது. எனவே:

• புக்கிங் ஆப்பில் திருமணமாகாத ஜோடிகளுக்கு அனுமதி உண்டா, உள்ளூர் அடையாள அட்டை ஏற்கப்படுமா என்று பாருங்கள்.
• பணம் கட்டும் முன் போன் செய்து கேட்டுவிடுங்கள். ராத்திரி ரிசப்ஷனில் நின்று வாதாடுவதை விட இது மேல்.
• இருவரும் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆளுக்கொரு ஒரிஜினல் அடையாள அட்டை அவசியம்.

இதுல பயப்பட என்ன இருக்கு?

டெல்டாவில் இந்தப் பயம் சும்மா வருவதல்ல. 2024 ஜனவரியில் பட்டுக்கோட்டை அருகே, சாதி மறுத்துக் கல்யாணம் செய்துகொண்ட 19 வயதுப் பெண் கொல்லப்பட்டார். பெற்றோரே கைதானார்கள். கல்யாணம் ஆன சில நாட்களில் நடந்தது இது. ஆற்றங்கரையில் ஒரு ஜோடியைப் பார்த்ததும் 'எந்த ஊரு, யார் வீட்டுப் பிள்ளை' என்று வரும் கேள்வி, வெளியூர்க்காரர்களுக்குச் சும்மா விசாரிப்பு. உள்ளூர் ஜோடிக்கு அப்படி இல்லை.

வயதுவந்த இருவர் துணையைத் தேர்ந்தெடுப்பதில் குடும்பமோ, சாதிப் பஞ்சாயத்தோ தலையிட முடியாது என்று 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மிரட்டல் வந்தால் போலீஸ் பாதுகாப்பு கேட்பது உரிமை. அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181.

கடைசியா ஒண்ணு

தஞ்சாவூரில் நீங்கள் பார்த்து ரசிக்கிற தண்ணீர் அங்கேயே நிற்பதில்லை. பட்டுக்கோட்டை தாண்டி பேராவூரணி கடைமடை வரை போகிறது. அங்கே ஒரு விவசாயி வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாலத்திலிருந்து நீங்கள் போடும் பிளாஸ்டிக் கப் அவர் வயல் மதகில் போய் அடைக்கும். டீ குடித்த கப்பைப் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.