பொம்மை கிரேனுக்கு எந்த பேட்டரி?

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்:

‘ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு, துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டும் மோட்டார் கிரேன் செட் வாங்கிக் கொடுத்தோம். அதற்கு ஆறு பென்சில் செல் போட வேண்டும். அடிக்கடி புது செல் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. ரீசார்ஜ் செய்யும் செல் வாங்கினோம். கிரேன் மந்தமாகச் சுற்றுகிறது. பொறியியல் படிக்கும் என் அக்கா மகன், “இதே அளவில் 3.7 வோல்ட் லித்தியம் செல் கிடைக்கிறது சித்தி, போட்டால் பறக்கும்” என்கிறான். போடலாமா?’

வேண்டாம் சகோதரி. பிள்ளை நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். ஆனால், பறப்பதற்கு முன் புகைந்துவிடும். ஏன் என்று முதலில் பார்ப்போம். பிறகு, எதைப் போடலாம் என்பதற்கு வருவோம்.

ஆறால் பெருக்கிப் பாருங்கள்

சாதாரண அல்கலைன் பென்சில் செல் ஒன்று 1.5 வோல்ட். பேட்டரி டப்பாவில் ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக இணைவதால் மொத்தம் 9 வோல்ட். நீங்கள் வாங்கிய ரீசார்ஜ் செல் அநேகமாக நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகையாக இருக்கும். அது 1.2 வோல்ட். ஆறு போட்டால் 7.2 வோல்ட். ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, மோட்டாரின் வேகமும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறைகிறது. உங்கள் கிரேனின் மந்தத்துக்கு இதுதான் காரணம்.

3.7 வோல்ட் செல் ஆறு போட்டால் 22 வோல்ட்டைத் தாண்டும். முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட் இருக்கும் என்பதால் மொத்தம் 25 வோல்ட். 9 வோல்ட்டுக்குச் செய்த மோட்டாருக்குள் 25 வோல்ட்!

கிரேன் கொக்கி எங்காவது சிக்கி மோட்டார் சுற்ற முடியாமல் நின்றால், உள்ளே வரும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகத்தான் மாறும். வோல்ட் இரண்டு மடங்கானால் அந்த வெப்பம் நான்கு மடங்காகும். 25 வோல்ட்டில் அது ஏழு மடங்கைத் தாண்டிவிடும். கம்பிச் சுருள் கருகும், பிளாஸ்டிக் இளகும். அந்த நேரத்தில் கிரேன் இருப்பது ஒரு குழந்தையின் கையில்.

இடையில் இரண்டு வகை

1.2 வோல்ட்டுக்கும் 3.7 வோல்ட்டுக்கும் இடையில் இரண்டு வகை ரீசார்ஜ் செல்கள் இருக்கின்றன.

ஒன்று, நிக்கல் ஸிங்க். இது 1.6 வோல்ட். சார்ஜரிலிருந்து எடுத்த புதிதில் 1.8 வோல்ட் வரைகூடக் காட்டும். ஆறு போட்டால் கிட்டத்தட்ட 11 வோல்ட். வேகம் நன்றாகவே கூடும். ஆனால், மோட்டார் சிக்கி நின்றால் வெப்பமும் ஒன்றரை மடங்குக்கு அருகில் போகும். இதற்கென்று தனி சார்ஜர் வேண்டும். பழைய சார்ஜர் உதவாது.

இரண்டாவது, ‘1.5 வோல்ட்’ என்றே அச்சிட்ட லித்தியம் செல். உள்ளே இருப்பது லித்தியம்தான். ஆனால், அதன் வோல்ட்டை 1.5 ஆகக் குறைத்துத் தரும் சிறிய சர்க்யூட் அதற்குள்ளேயே இருக்கும். ஆறு போட்டால் சரியாக 9 வோல்ட். கடைசி வரை வேகம் குறையாது. தீரும்போது மட்டும் முன்னறிவிப்பில்லாமல் சட்டென்று நின்றுவிடும். உங்கள் மகனுக்கு அந்த வேகம் கட்டாயம் வேண்டுமென்றால் இதை வாங்கலாம். இதை அதற்குரிய சார்ஜரில் அல்லது கேபிளில் மட்டும்தான் சார்ஜ் செய்ய வேண்டும்.

வாங்கும்போது ஒரு கணக்கு. லித்தியம் செல்லின் அட்டையில் 3000 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் மில்லிவாட் அவர் கணக்கு. 1.5 ஆல் வகுத்தால் 2000 மில்லிஆம்பியர் அவர்தான். 2000 மில்லிஆம்பியர் அவர் உள்ள உங்கள் பழைய செல்லை 1.2 ஆல் பெருக்கினால் 2400 மில்லிவாட் அவர். அட்டையில் தெரிகிற அளவுக்கு உண்மையில் வித்தியாசம் இல்லை.

லெகோ என்ன செய்தது?

இந்த மாதிரிக் கட்டும் பொம்மைகளில் பேர்பெற்ற டென்மார்க் நிறுவனமான லெகோ, 1966-ல் 4.5 வோல்ட் பொம்மை ரயிலைக் கொண்டுவந்தது. 1969-ல் 12 வோல்ட் ரயில். பிறகு 9 வோல்ட்டுக்கு வந்தது. அதன் ‘பவர் ஃபங்ஷன்ஸ்’ மோட்டார் வரிசையில் பேட்டரி டப்பாவுக்கு ஆறு பென்சில் செல், அதாவது 9 வோல்ட். அதே வரிசைக்கு அந்த நிறுவனமே தயாரித்து விற்ற ரீசார்ஜ் பேட்டரி எத்தனை வோல்ட் தெரியுமா? 7.4. ஆம், 9 வோல்ட் மோட்டாருக்கு 7.4 வோல்ட்! 2013-ல் வந்த ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ் இவி3’ ரோபோவின் ரீசார்ஜ் பேட்டரியும் 7.4 வோல்ட்தான்.

உங்கள் வீட்டில் இருக்கும் 7.2 வோல்ட் இதற்கு வெகு அருகில்தான் இருக்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள். அல்கலைன் செல் 1.5 வோல்ட்டில் தொடங்கினாலும் மோட்டார் இழுக்க இழுக்க இறங்கிக்கொண்டே வந்து, பாதி தீரும்போது 1.2 வோல்ட்டுக்கு அருகில் வந்துவிடும். உங்கள் ரீசார்ஜ் செல்லோ தீரும் தறுவாய் வரை 1.2 வோல்ட்டை ஒட்டியே நிற்கும்.

எனவே, புது செல் வாங்குமுன் இருப்பதைச் சோதியுங்கள். ஆறும் ஒரே கம்பெனி, ஒரே வயது செல்லா? ஒரு செல் சோர்ந்திருந்தால் மற்ற ஐந்தையும் சேர்த்து இழுத்துவிடும். டப்பாவின் உலோகத் தகடுகளில் பச்சை படிந்திருந்தால் செல்லை எடுத்துவிட்டு உலர்ந்த துணியால் துடையுங்கள்.

பல்சக்கரம் இருக்கிறதே!

சுமை தூக்க முடியவில்லை என்பதுதான் குறை என்றால், பதில் பேட்டரியில் இல்லை, பல்சக்கரத்தில் இருக்கிறது. மோட்டாரில் 8 பல் சக்கரமும், அது சுற்றும் இடத்தில் 24 பல் சக்கரமும் வைத்தால் வேகம் மூன்றில் ஒன்றாகக் குறையும், இழுவிசை மூன்று மடங்குக்கு அருகில் கூடும். சைக்கிளில் மேடு ஏறும்போது கியர் மாற்றுவது இதற்காகத்தான். இதை மகனே கண்டுபிடிக்கட்டும். அண்ணனையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். படித்த படிப்புக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

தறி வீட்டுக்குத் தனியாக ஒரு வார்த்தை

உங்கள் பக்கத்தில் பட்டுத் தறி இருக்கும் வீடுகள் நிறைய. ஜரிகை என்பது நூலின் மேல் மெல்லிய உலோகத் தகட்டைச் சுற்றியது, மின்சாரம் கடத்தும். சார்ஜ் ஏறிய செல்களை ஜரிகைத் துண்டுகள் கிடக்கும் டப்பாவிலோ டிராயரிலோ போட்டுவைத்தால், செல்லின் இரு முனைகளையும் ஜரிகை தொட்டு ஷார்ட் ஆகலாம். ஒரு தீப்பொறி போதும், பக்கத்தில் பட்டு இருக்கிறது. செல்களை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் தனியாக வையுங்கள்.

சார்ஜ் போடும்போது பெரியவர்கள் யாராவது வீட்டில் விழித்திருக்க வேண்டும். மெத்தை மேலோ துணி மேலோ வைத்து சார்ஜ் செய்ய வேண்டாம். உப்பிய செல்லை, அடிபட்டு நசுங்கிய செல்லை மறுபடி பயன்படுத்தக் கூடாது. தீர்ந்த செல்லைக் குப்பையோடு போடாதீர்கள். 2022-ல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளும், அதைத் தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றுதான் சொல்கின்றன.

அடுத்த பொம்மை வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். பேட்டரி டப்பாவின் மூடியில் ‘1.5 வோல்ட்’ என்று அச்சிட்டிருந்தால், அந்த எண்ணைத் தாண்டாதீர்கள். கொஞ்சம் குறைந்தால் கிரேன் மெதுவாகச் சுற்றும், அவ்வளவுதான்.