பங்காளி கையில கோப்பை

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, நான் ரோமா கட்சி. டோட்டி ஆடுறதைப் பார்த்து கவுந்தவங்க லிஸ்ட்ல நானும் ஒருத்தன். அதனால இந்தப் பதிவுல நடுநிலை எல்லாம் எதிர்பார்க்காதீங்க. ஆனா எழுதப் போறது நாங்க தோத்த கதை. அதுவும் சாதாரணத் தோல்வி இல்ல. வருஷா வருஷம் மே 26 வந்தா காலண்டரைப் பார்க்கவே பிடிக்காத மாதிரி ஆக்கின தோல்வி.

2013 மே 26. கோப்பா இத்தாலியா இறுதி ஆட்டம். ரோமா - லாசியோ. இடம் ரோம் நகரத்து ஒலிம்பிகோ மைதானம். ரெண்டு பேருக்குமே அதுதான் சொந்த வீடு. ஒரே வீட்டுல தெற்குப் பக்க குர்வா சூட் எங்களுக்கு, வடக்குப் பக்க குர்வா நோர்ட் அவங்களுக்கு. பாகம் பிரிச்சும் ஒரே முற்றத்துல குடியிருக்கிற பங்காளிங்கன்னு வெச்சுக்கோங்களேன்.

பங்காளி சண்டை எப்படி ஆரம்பிச்சதுன்னு ஒரு வரி. லாசியோ 1900-ல பிறந்த கிளப். 1927-ல ஊர்ல இருந்த மூணு கிளப்புகளைச் சேர்த்து ரோமாவை உண்டாக்கினாங்க. வடக்கத்தி பெரிய கிளப்புகளுக்கு எதிரா தலைநகரத்துக்கு ஒரே ஒரு பலமான டீம் வேணும்ங்கிறது திட்டம். லாசியோ மட்டும் "நாங்க வரல"ன்னு தனியா நின்னுடுச்சு. அன்னிலேர்ந்து "நாங்கதான் மூத்தவங்க"ன்னு அவங்களும், "ஊர் பேரே எங்க பேருதான்"னு நாங்களும் பேசிக்கிட்டே இருக்கோம். பேச்சு இன்னும் முடியல :-)

இப்ப விஷயத்துக்கு வரேன். கோப்பா இத்தாலியான்னா இத்தாலியில பெரிய மரியாதை கிடையாது. ஆரம்பச் சுற்று ஆட்டத்துக்கெல்லாம் பாதி மைதானம் காலியா இருக்கும். பெரிய கிளப்புகள் ரிசர்வ் ஆட்களை இறக்கிட்டு லீகுக்காக மெயின் ஆட்களைக் காப்பாத்தி வெச்சுக்கும். ஜெயிச்சா சந்தோஷம், தோத்தா "அட விடுப்பா, லீக் இருக்கு". அவ்வளவுதான்.

அந்தக் கோப்பைதான் அந்த வருஷம் ஊரையே ரெண்டாக்கிடுச்சு. அரையிறுதியில ரோமா இன்டரைத் தள்ளிடுச்சு, லாசியோ யுவென்டஸைத் தள்ளிடுச்சு. அப்பதான் எல்லாருக்கும் உறைச்சது: இந்த ரெண்டு பேரும் இதுவரைக்கும் ஒரு கோப்பை இறுதியில மோதினதே இல்லை! மிலானும் இன்டரும் 1977-ல மோதியிருக்காங்க. டூரின் நகரத்துப் பங்காளிகள் 1938-லயே மோதியிருக்காங்க. ரோமுக்கு இதுதான் முதல் தடவை.

லீக்ல டெர்பி வருஷத்துக்கு ரெண்டு வரும். இன்னிக்கு அடி வாங்கினா ஆறு மாசத்துல திருப்பிக் கொடுத்துடலாம். இறுதி ஆட்டத்துல அந்த வசதி இல்ல. ஒருத்தன் கோப்பையைத் தூக்குவான், இன்னொருத்தன் அதை நின்னு பார்க்கணும். போதாக்குறைக்கு லீக்ல ரோமா ஆறாவது இடம், லாசியோ ஏழாவது. ஜெயிக்கிறவனுக்கு யூரோப்பா லீக் டிக்கெட், தோக்கிறவனுக்கு ஐரோப்பாவே கிடையாது. எங்களுக்கு இன்னொரு ஆசையும் இருந்துச்சு. ஏற்கனவே 9 கோப்பா கையில. பத்தாவது வந்தா சட்டையில வெள்ளி நட்சத்திரம் குத்திக்கலாம்னு கனவு.

அன்னிக்கு ரோம் நகராட்சித் தேர்தல் வேற. அதுக்கு முந்தின மாசம், ஏப்ரல் 8 ராத்திரி நடந்த லீக் டெர்பிக்கு முன்னால மைதானத்துக்கு வெளியே அடிதடி, கத்திக்குத்துன்னு ரகளை ஆகியிருந்துச்சு. அதனால இருட்டுறதுக்கு முன்னாடியே முடிச்சுடலாம்னு இறுதி ஆட்டத்தை சாயங்காலம் 6 மணிக்கு வெச்சாங்க. நம்ம கணக்குக்கு ராத்திரி ஒன்பதரை.

ஆட்டத்துக்கு முன்னாடி ஒரு காமெடி. கங்னம் ஸ்டைல் புகழ் சை-யைக் கூட்டிட்டு வந்து மைதானத்துல ஆட விட்டாங்க. உலகமே ஆடின பாட்டு. ஆனா ரெண்டு பக்கமும் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கு, அங்க போய் குதிரை டான்ஸ் ஆடினா? வடக்கும் தெற்கும் ஒண்ணா சேர்ந்து அந்த மனுஷனை ஊளையிட்டே அனுப்பிட்டாங்க. அன்னிக்கு பங்காளிங்க ஒத்துமையா செஞ்ச ஒரே காரியம் அதுதான்.

ஆட்டத்தைப் பத்திச் சொல்ல ரொம்ப இல்லை. ரெண்டு பேருக்கும் பயம். ஜெயிக்கணும்ங்கிறதை விட தோத்துடக் கூடாதுங்கிறதுதான் ஆட்டத்துல தெரிஞ்சுது. 71-ஆவது நிமிஷம். கான்ட்ரேவா வலது பக்கத்துலேர்ந்து பந்தைத் தாழ்வா உள்ள விட்டார். எங்க கோல்கீப்பர் லோபோன்ட் கையில லேசாப் பட்டுது. பந்து நேரா தூரத்துக் கம்பத்துக்கிட்ட நின்ன செனாத் லூலிச் காலுக்கே போச்சு. தட்டி விட்டார். 1-0. அவ்வளவுதான் ஆட்டம். அவ்வளவுதான் நாங்க.

அதுக்கப்புறம் நடந்ததுதான் நான் எழுத வந்த விஷயம்.

லாசியோக்காரங்களுக்கு அது ஆறாவது கோப்பா. முதல் அஞ்சையும் எந்த வருஷம் ஜெயிச்சாங்கன்னு கேட்டா பல பேர் யோசிப்பாங்க. ஆறாவதுக்கு தேதி, நிமிஷம் எல்லாம் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரும். 'லூலிச் 71'னு சட்டை, சுவர் எழுத்து. "கோப்பையை உங்க மூஞ்சிக்கு நேரா தூக்கினோம்"னு ஒரு வசனம். போன்டே மில்வியோ பக்கத்துல ரோமாவுக்கு சவ ஊர்வலமே நடத்தினாங்க. "இதுக்கு ரிவெஞ்ச் கிடையாது"ங்கிறதுதான் அவங்க பல்லவி.

எங்க பக்கம்? இழவு வீடுதான். எங்க ஸ்ட்ரைக்கர் ஒஸ்வால்டோ மெடல் வாங்கவே போகல. அதோட நிக்காம, சொந்த கோச் ஆந்திரேயாட்சோலி திறமையில்லாத ஆளுன்னும் லாசியோக்காரங்களோட போய்க் கொண்டாடுங்கன்னும் ட்விட்டர்ல எழுதினார். அந்தக் கூத்துக்கு இத்தாலி டீம்லேர்ந்தே அவரைக் கழட்டி விட்டாங்க. ரெண்டு மூணு மாசத்துல ரோமாவை விட்டே போயிட்டார். மே 26-ல தப்பிக்க இடம் தேடினவர் அவர் ஒருத்தர் மட்டுமில்லை.

ஆனா பாருங்க, அந்தக் காயம்தான் அடுத்த வருஷத்துக்கு பெட்ரோல். ரூடி கார்சியா வந்தார். லீகோட முதல் 10 ஆட்டத்தையும் ஜெயிச்சோம். செப்டம்பர் 22 டெர்பியில 2-0. முதல் கோல் அடிச்ச பால்சரெட்டி அழுதே விட்டார். கோயிலைத் திரும்ப ஊர் நடுவுல வெச்சுட்டோம்னு கார்சியா ஒரு சர்ச் உதாரணம் சொன்னார், நாங்க அதைப் பிடிச்சுக்கிட்டோம். 2015 மே 25-ல யாங்கா-எம்பிவா தலையால முட்டின கோல்ல லாசியோவை 2-1-னு ஜெயிச்சு ரெண்டாவது இடத்தை உறுதி பண்ணினோம். 2022 மே 25-ல திரானாவுல கான்ஃபரன்ஸ் லீக் கோப்பை. ரெண்டும் மே 25! ஒரு நாள் தள்ளியிருந்தா அவங்க திருநாளையே அழிச்சிருக்கலாம். கிடைக்கல. எங்களுக்கு 25, அவங்களுக்கு 26ன்னு காலண்டர்லயும் பாகம் பிரிச்சாச்சு :-)

இப்ப என் கருத்து. "இதெல்லாம் என்னப்பா, வெறும் விளையாட்டு, இவ்வளவு வெறுப்பு எதுக்கு"ன்னு கேட்கிறவங்க இருக்காங்க. அவங்களோட நான் ஒத்துப் போகல. அந்த சவ ஊர்வலம் என்னைக் கடுப்பேத்துச்சு, நிஜம். ஆனா அது வெறுப்பு இல்லை. இத்தாலிக்காரன் அதுக்கு 'ஸ்ஃபோட்டோ'ன்னு பேரு வெச்சிருக்கான். நக்கல், நையாண்டி, கலாய்ப்பு எல்லாம் சேர்ந்த ஒரு சமாச்சாரம். மறுநாள் காலையில ஒரே காப்பிக் கடையில, ஒரே ஆபீஸ்ல, சில சமயம் ஒரே சாப்பாட்டு மேசையில அவனைப் பார்த்தே ஆகணும். தோத்தவன் எதிர்ல உட்கார்ந்திருந்தாதான் கலாய்க்கிறவனுக்கே ருசி. வெளியூர்க்காரன்கிட்ட தோத்தா ஒரு வாரம் வலிக்கும். பங்காளிகிட்ட தோத்தா பத்து வருஷம் வலிக்கும். ஏன்னா அவன் மறக்க விட மாட்டான். அந்த வலியும் சொந்தம் மாதிரிதான்.

நக்கலுக்கு ஒரே ஒரு விதி இருக்குன்னு நினைக்கிறேன். நாளைக்கு அவன் உயிரோட இருந்து திருப்பிக் கலாய்க்கணும். அந்த விதியை மீறினா அது நக்கல் இல்லை.

ரோம்ல அதை மீறியிருக்காங்க. முதல்ல எங்க பக்கத்து அழுக்கையே சொல்றேன். 1979 அக்டோபர் 28 டெர்பி. குர்வா சூட்லேர்ந்து, அதாவது எங்க பக்கத்துலேர்ந்து, கப்பல்ல அபாயத்துக்குக் கொளுத்துற ராக்கெட்டை விட்டாங்க. மைதானத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் வின்சென்சோ பாப்பரெல்லிங்கிற லாசியோ ரசிகர் மேல பாய்ஞ்சது. 33 வயசு, மெக்கானிக். பக்கத்துல மனைவி உட்கார்ந்திருந்தாங்க. செத்துப் போயிட்டார். அதுக்கப்புறம் வருஷக்கணக்கா ரோம் சுவர்கள்ல அவரைக் கேலி பண்ணி எழுதினாங்க, ரோமா பேரைச் சொல்லிக்கிட்டு. லாசியோக்காரங்க நடத்தின சவ ஊர்வலத்தைத் திட்ட வாயைத் திறக்கிறப்பல்லாம் எனக்கு அந்தச் சுவர்தான் ஞாபகம் வரும். வாயை மூடிக்குவேன்.

அவங்க பக்கமும் சுத்தமில்லை. 2017 அக்டோபர்ல இனவெறிக் கோஷத்துக்காக குர்வா நோர்டை மூடினதால, லாசியோ ரசிகர்களை எங்க குர்வா சூட்ல உட்கார வெச்சாங்க. போறப்ப ரோமா சட்டை போட்ட ஆன் ஃபிராங்க் படத்தை ஸ்டிக்கரா ஒட்டிட்டுப் போனாங்க. நாஜி முகாம்ல செத்துப் போன 15 வயசுப் பொண்ணு படம், எங்களைக் கேவலப்படுத்தவாம். இதுல நக்கல் எங்க இருக்கு?

2013 இறுதி ஆட்டம் எங்க ஊர் ரெண்டு பேருக்கும் நடுவுல பெரிய விபரீதம் இல்லாம முடிஞ்சுது. அடுத்த வருஷம் அதே கோப்பை இறுதி, அதே ஊர். 2014 மே 3, நேப்போலி - ஃபியோரென்டினா. ரோமாவுக்கு அந்த ஆட்டத்துல வேலையே இல்லை. ஆனாலும் ரோமா அல்ட்ராஸ் ஆள் ஒருத்தன் சுட்டதுல சிரோ எஸ்போசிட்டோங்கிற நேப்போலி ரசிகர் அடிபட்டு, ஜூன் 25 அன்னிக்கு இறந்து போனார். அவரோட டீம் அன்னிக்கு கோப்பையை ஜெயிச்சுது. அவர் ஆஸ்பத்திரியில கிடந்தார்.

அதனாலதான் சொல்றேன், மே 26-ஐ நான் திட்டலாம், ஆனா வெறுக்க முடியாது. ஒரு ஊர் ரெண்டாப் பிரிஞ்சு, தேர்தல் நாள் அன்னிக்கு நேருக்கு நேர் நின்னு, ஒருத்தன் அழுது, ஒருத்தன் சிரிச்சு, ரெண்டு பேரும் அவங்கவங்க வீடு போய்ச் சேர்ந்தாங்க. இன்னிக்கு வரைக்கும் அதை வெச்சு வாய்ச் சண்டை போடுறாங்க. ரசிகன்னா அப்படித்தான் இருக்கணும்.

முடிக்கிறதுக்கு முன்னாடி அந்த லூலிச் பத்தி ஒரு விஷயம். அவர் பிறந்தது போஸ்னியாவோட மோஸ்டார்ல. யுத்தம் வந்தப்ப சின்னப் பையனா தப்பிச்சு சுவிட்சர்லாந்துல அகதியா வளர்ந்தவர். அன்னிக்கு லாசியோ கோச் விளாடிமிர் பெட்கோவிச் சாரயேவோவில பிறந்தவர், சுவிட்சர்லாந்துல காரிதாஸ் அமைப்புல சமூக சேவகரா வேலை பார்த்தவர். வெளிநாட்டுக்காரனைப் பார்த்தா கோஷம் போடுற கூட்டம் கொஞ்சம் இருக்கிற அந்த குர்வா நோர்டுக்கு, வாழ்நாள் சந்தோஷத்தைக் கொடுத்தது ஒரு அகதிப் பையன் கால்!

கதை இங்கேயே நின்னிருந்தா நல்லா இருந்திருக்கும். நிக்கல. 2016 டிசம்பர்ல டெர்பி தோத்த கடுப்புல அதே லூலிச், எங்க டிஃபென்டர் ரூடிகரைப் பார்த்து, ரெண்டு வருஷம் முன்னாடி ஸ்டுட்கார்ட்ல சாக்ஸும் பெல்ட்டும் வித்துக்கிட்டிருந்தவன்ங்கிற மாதிரி பேசிட்டார். ரூடிகரோட அம்மா சியரா லியோன்லேர்ந்து வந்தவங்க. இத்தாலித் தெருவுல சாக்ஸ் பெல்ட் விக்கிறது யாருன்னு ஊருக்கே தெரியும், அர்த்தமும் எல்லாருக்கும் புரிஞ்சுது. மன்னிப்பு கேட்டார், 20 நாள் தடை போட்டாங்க. அகதியா வளர்ந்தவரே தோல்விக் கடுப்புல அப்படிப் பேச முடியும்னா, நக்கலுக்கும் அசிங்கத்துக்கும் நடுவுல இருக்கிற கோடு எவ்வளவு மெல்லிசுன்னு பார்த்துக்கோங்க. நான் உட்பட யாரும் "எங்களுக்கு அது வராது"ன்னு நெஞ்சைத் தட்டிக்க முடியாது.

சரி, அடுத்த மே 26-க்கும் எனக்கு ஒரு லாசியோ நண்பர் 71-னு மட்டும் மெசேஜ் அனுப்புவார். வேற ஒண்ணும் எழுத மாட்டார். வழக்கம் போல நான் பதில் போட மாட்டேன். ஒரு வருஷம் அது வரலைன்னா மட்டும், போன் போட்டு "உடம்பு கிடம்பு சரியில்லையா"ன்னு கேட்பேன்.

டிஸ்கி: லாசியோ ரசிகர்கள் யாராவது இதைப் படிச்சா, பின்னூட்டத்துல 71 போட வேண்டாம். ஏற்கனவே தெரியும் சாமி. அவ்வ்வ்வ்...